பக்கத்துச் சீட்

மில்யரினில் யாருக்காவது பெரிய வியாதி என்று தெரிந்துவிட்டால் ஊர் சும்மா இருக்காது. சும்மா இருக்கத் தெரியாத ஊர் இது. சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்போம், வாசல் புல்லை வெட்டிக் கொடுப்போம், ஆடுகளுக்குத் தொட்டியில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவோம். ஒன்று மட்டும் செய்ய மாட்டோம். பக்கத்தில் உட்கார மாட்டோம். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த தட்டை வாசல்படியில் வைத்து, காரின் எஞ்சினைக்கூட அணைக்காமல், "எழுந்து வராத கோரல், நான் கிளம்பிட்டேன்" என்று கத்திவிட்டு ஓடி வந்துவிடுவோம். நானும் அப்படி இரண்டு தட்டு வைத்துவிட்டு ஓடி வந்தவள்தான். என்னைப் பெரிய உத்தமி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கோரலின் புருஷன் நெவிலுக்குத்தான் வியாதி. கணையத்தில் புற்றுநோய். கோதுமை முழங்கால் உயரம் நிற்கிற ஆகஸ்ட் மாதத்தில் தெரிந்தது. பெர்த்தில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நரம்பில் ஏற்றுகிற மருந்தை ஒரு தடவை ஏற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு, "வாந்தி எடுத்துக்கிட்டே ஒரு அறுவடையப் பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். இங்கிருந்து பெர்த் போக நாலு மணி நேரக் கார்ப் பயணம். வலிக்கு மட்டும் மார்ஃபின். இடுப்பில் ஒரு சின்னப் பை, அதிலிருந்து வயிற்றுத் தோலுக்குள் போகிற ஒரு மெல்லிய குழாய். ஊர் நர்ஸ் வந்து மாட்டிவிட்டுப் போவாள்.

என் பேர் மொரீன். மோ என்று கூப்பிடுவார்கள். என் புருஷன் ஆலன் போனபிறகு நிலத்தை விற்றுவிட்டு ஊருக்குள், டயர் கடைக்குப் பின்னால் குடியிருக்கிறேன். அறுவடைக் காலத்தில் நெவிலின் லாரியை ஓட்டுவது நான்தான். அவன் அறுத்துக் கொட்டுகிற கோதுமையை ரயிலடிக் கிடங்கில் கொண்டுபோய்ப் போடுவேன். அதனால் அந்த வருஷமும் அந்த வீட்டில்தான் கிடந்தேன், அதனால்தான் இதெல்லாம் தெரியும்.

வீட்டில் இருக்கும் புற்றுநோய்க்காரர்களுக்கு மனத்தெம்பு கொடுக்க என்று பெர்த் ஆஸ்பத்திரியில் ஒரு ஏற்பாடு இருந்தது. வியாழக்கிழமை தவறாமல் பிலிப்பா என்று ஒரு பெண் போன் செய்வாள். கோரல் போனைச் சமையலறை மேசைமேல் எல்லோருக்கும் கேட்கும்படி வைப்பாள். நெவில் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவான், மாஜிஸ்திரேட் முன்னால் உட்கார்ந்த மாதிரி.

"எப்படி இருக்கீங்க, நெவில்?"

"இருக்கேன்."

"தூக்கம் வருதா?"

"வருது. போகுது."

"மனசுல ஏதாவது பாரமா இருக்கா?"

நெவில் ஜன்னல் வழியாகப் பார்த்தான். "தெக்க மேகம் இருக்கு. ஆனா பெய்யாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோரல் என் தொடையில் கிள்ளினாள். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நான் எதிர்பார்த்த மாதிரி கொஞ்சிக் குழையவும் இல்லை.

"சரி. இப்ப உங்களுக்கு எது முக்கியம்னு கேட்டா என்ன சொல்வீங்க? எனக்குப் பிடிச்ச மாதிரி எதுவும் சொல்ல வேண்டாம்."

அடுப்பில் கெட்டில் கொதித்தது. கோரல் எழுந்துபோய் மூன்று கோப்பையில் தேநீர் ஊற்றினாள். பிறகு நெவில் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இந்த வெள்ளாமைய நான் எடுக்கணும். நானே எடுக்கணும். வேற யாரு கையும் படக்கூடாது."

"இதை உங்க சினேகிதங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"அவங்களுக்குத் தெரியும்."

"தெரியுமான்னு கேக்கல. சொல்லியிருக்கீங்களா?"

"அதெல்லாம் சொல்லணும்னு இல்லம்மா. ஒண்ணா பள்ளிக்கூடம் போனவங்க நாங்க."

"சொல்லிருங்க, நெவில். தெரியும்னு நினைக்கறதுக்கும் சொல்றதுக்கும் ரொம்ப வித்தியாசம்."

"சரிம்மா" என்றான். சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். கோரலுக்கும் தெரியும். முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம் இருக்கிற, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்ன வார்த்தையை வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கிற ட்ரெவரிடம் சொல்ல அவனுக்கு நாக்கு புரளாது. எங்கள் ஆம்பிளைகளை அப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறோம்.

நவம்பரில் அறுவடை ஆரம்பித்தது. காலையில் பனி ஈரம் காய்ந்து, கதிரைக் கசக்கி வாயில் போட்டால் மணி நறுக்கென்று உடைய வேண்டும். அப்போதுதான் அறுவடை மெஷினைக் கிளப்பலாம். நெவில் மெஷினில் ஏற வெகு நேரமாகும். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்குவான். பின்னாலேயே கோரல், மருந்துப் பையின் குழாய் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறுவாள். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் மடக்கி விரிக்கிற சின்ன சீட் ஒன்று உண்டு. அதில் அவள் உட்காருவாள். நாற்பது வருஷ அறுவடையில் அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அவள் வேலை கீழே. சாண்ட்விச் செய்வது, டீசல் கொண்டுவருவது, தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் வண்டியோடு நிலத்து ஓரத்தில் நிற்பது. இப்போது தண்ணீர் வண்டியை நான் பார்த்துக்கொண்டேன்.

காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுவான். வலி வந்துவிடும். இறங்கி, தைலமரத்து நிழலில் நிறுத்தியிருக்கும் பிக்கப் வண்டியின் பின்னால் விரித்த மெத்தையில் படுத்துக்கொள்வான். முகத்தில் மொய்க்கிற ஈயை ஓட்டக்கூடக் கை எழாது. வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஏறுவான். முன்னெல்லாம் ஒரு நாளைக்கு ஐந்து நடை லாரி ஓட்டுவேன். இப்போது ஒரு நடை. கிடங்கில் கோதுமைக்கு மாதிரி எடுத்துச் சோதிக்கிற பையன்கள், "என்ன மோ, கரண்டியால அள்ளிப் போடுறீங்களா?" என்று கேலி செய்தார்கள். "உங்கப்பன் கரண்டிதான், இரவல் வாங்கினோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மத்தியானம் நெவில் படுத்திருந்தபோது கோரல் லாரி நிழலுக்கு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தலைமுடியெல்லாம் உமித்தூசி. ஊறுகாய் தடவிய ஆட்டுக்கறி சாண்ட்விச்சை எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, தன் பாதியைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மோ, அவன் பேசுறான்."

"யாரு?"

"நெவ். மேல போனா பேசுறான். நான் ஒண்ணும் கேக்கறதில்ல. அவனாவே பேசுறான்."

"நெவிலா? கல்யாணத்தன்னிக்கு 'சரி'ன்னு சொன்னதுக்கப்புறம் அவன் பேசி நான் கேட்டதில்லையே."

அவள் சிரிக்கவில்லை. "சாவுக்குப் பயமா இருக்குன்னான். செத்துப்போறதுக்கு இல்லையாம், அந்தக் கடைசி நிமிஷத்துல கத்திருவேனோன்னு பயமா இருக்காம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிராதன்னான். அவங்கப்பன ஒரு காலத்துல அடிச்சுக் கொன்னுரலாமான்னு நினைச்சதச் சொன்னான். நாப்பத்தோரு வருசமா ஒரே கட்டில்ல படுத்திருக்கேன், மோ. இதுல ஒண்ணுகூட எனக்குத் தெரியாது."

"வீட்டுல ஏன் பேச மாட்டேங்கிறான்?"

"வீட்டுல மூஞ்சியப் பாக்கணுமில்ல. இங்க கண்ணு முன்னாடி பாத்துக்கிட்டிருக்கு, கை வேலை செய்யுது, எஞ்சின் சத்தம் போடுது. வார்த்தை தானா விழுந்துருது. நான் அவன் பக்கம் திரும்பறதுகூட இல்ல. திரும்பினா நின்னுருமோன்னு பயம்."

பிறகு சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நேத்து மொதக் குழந்தையப் பத்தி ஆரம்பிச்சான்."

அந்தக் குழந்தையைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம். அப்போதெல்லாம் குழந்தை இறந்தே பிறந்தால் தாய்க்குக் காட்ட மாட்டார்கள். பார்க்காமல் இருப்பதுதான் நல்லது என்று துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நெவிலும் அவன் அப்பாவும் பெட்டியைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். கோரல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது தொட்டில்கூட இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பெண்கள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி எங்கெங்கோ போய்விட்டார்கள். முதலில் பிறந்தது ஆண் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"'பெட்டி மூடியத் திறந்து பாத்தேன் கோரல், அப்பா வேண்டாம்னாரு, நான் பாத்தேன்'னான். நான் மூச்சு விடல. 'அவன்'னு சொல்ல ஆரம்பிச்சான். அதுக்குள்ள வலி வந்துருச்சு. இறங்கிட்டோம்."

"ராத்திரி கேக்கலையா?"

"கேட்டேன். 'நாளைக்கு மெஷின்ல'ன்னான். இன்னிக்குக் காலையில வலியோடயே ஓட்டினான், பேச்சு வரல. அவனுக்கே தெரிஞ்சிருக்கு பாரு, எங்க வரும், எங்க வராதுன்னு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசியும் கண்ணீரும் சேர்ந்து கன்னத்தில் கோடு விழுந்தது. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், மோ. என் புள்ள மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதும். அதப் பாத்தவன் உலகத்துல இவன் ஒருத்தன்தான் உயிரோட இருக்கான்."

அன்று சாயங்காலம் ஏறினார்கள். அரை மணி நேரத்தில் நெவில் வாந்தியெடுத்து இறங்கிவிட்டான். மறுநாள் கிழக்கேயிருந்து அனல்காற்று. நிலத்தில் எந்த மெஷினும் நகரக்கூடாது, தீப்பிடிக்கும் என்று ரேடியோவில் தடை சொல்லிவிட்டார்கள். அதற்கு மறுநாளும் தடை. நெவில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கோரல் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

தடை நாளில் ட்ரெவர் வந்தான். பக்கத்து நிலத்துக்காரன். ஊர்த் தீயணைப்புக் குழுவுக்குத் தலைவன். நல்ல மனுஷன். அவனைக் கெட்டவன் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். எந்த வேலையானாலும் முதல் ஆளாக நிற்பான். வாசலில் நின்றபடியே, உள்ளே வராமல் பேசினான்.

"இன்னும் எவ்வளவு மிச்சம்?"

"பாதிக்கு மேல. மெதுவா எடுத்துக்குவோம்" என்றாள் கோரல்.

"மெதுவாவா? அடுத்த வாரம் இடிமழைன்னு ரேடியோவுல சொல்றான். ஆலங்கட்டி விழுந்தா எல்லாம் தரையில கெடக்கும்."

"விழுந்தா விழட்டும்."

"ஏய், என்ன பேசுற? பசங்க எல்லாம் தயாரா இருக்காங்க. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"வேண்டாம் ட்ரெவர். நெஜமாத்தான் சொல்றேன். நெவ் தானே எடுக்கணும்னு இருக்கான். நான் கூட உக்காந்துக்கறேன். நீங்க யாரும் வரவேண்டாம்."

ட்ரெவர் அவள் தோளில் தட்டினான். "அவன் அப்படித்தான் சொல்வான். நீயும் அப்படித்தான் சொல்லணும். நாங்க என்ன நேத்துப் பொறந்தவங்களா?"

"அவ வேண்டாம்னா வேண்டாம்தான், ட்ரெவர்" என்று நானும் சொன்னேன்.

"நீயும் அன்னிக்கு இதத்தான் சொன்ன, மோ" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவன் சொன்னது உண்மைதான். இங்கே யாரும் உதவியை 'சரி' என்று வாங்கிக்கொள்வதில்லை. கேட்டவுடன் தலையாட்டினால் வெட்கங்கெட்டவர்கள் என்று அர்த்தம். அதனால் எல்லோரும் மறுப்பார்கள், அந்த மறுப்பு யார் காதிலும் ஏறாது. ஆலன் நுரையீரல் போய்ப் படுத்திருந்தபோது நானும் மூன்று தடவை மறுத்தேன். ஒரு காலையில் எங்கள் கோதுமையை அறுக்கப் பதினோரு மெஷின்கள் வந்து நின்றன. அத்தனையும் கூட்டிக்கொண்டு வந்தவன் யார் என்கிறீர்கள்? நெவில்தான். மாவட்டத்தில் அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவனே அவன்தான். "வேண்டாம்னு சொல்லாம வேற என்ன சொல்வா அவ?" என்று ட்ரெவரிடம் சொல்லியிருக்கிறான்.

திங்கட்கிழமை காற்று அடங்கியது. காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தோம். நெவில் அன்று முட்டைகூடத் தின்றான். "இன்னிக்கு ஓடைப் பக்கம் போவோம், கோரல்" என்றான். அவள் முகத்தில் கல்யாணப் பெண் மாதிரி ஒரு வெளிச்சம். அப்போதுதான் சத்தம் கேட்டது. முதலில் தூரத்து விமானம் என்று நினைத்தேன்.

வெளியே வந்து பார்த்தால் சாலை முழுக்கத் தூசி. ஒன்றன்பின் ஒன்றாக மெஷின்கள், தலையில் மஞ்சள் விளக்கு சுற்ற, வாசலைத் தாண்டி நிலத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. இருபதுக்கு மேல் இருக்கும். பின்னால் லாரிகள். அதற்குப் பின்னால் பெண்கள், மடக்கு மேசை, முட்டை சாண்ட்விச், பழக் கேக், தேநீர்க் கலயம். பக்கத்து ஊர்ப் பத்திரிகைக்காரன் கேமராவோடு வந்திருந்தான்.

"நான் போய் நிறுத்தச் சொல்றேன்" என்றாள் கோரல்.

"எப்படிச் சொல்வ?" என்றான் நெவில். "முன்னால போறது கெவின். தன் வெள்ளாமைய நிக்க விட்டுட்டு வந்திருக்கான்."

"நீதானே எடுக்கணும்னு பிலிப்பாகிட்ட சொன்ன."

"அவ பெர்த்துல இருக்கா. அவகிட்டச் சொல்லலாம். இவனுங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியுமா?"

"நான் சொல்றேன், நெவ். எனக்கு வெக்கமில்ல."

"எனக்கு இருக்கு." அவன் தொப்பியைத் தேடினான். பிறகு என் பக்கம் திரும்பினான். "மோ, நாங்க வந்தன்னிக்கு ஆலன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?"

"தூங்கிக்கிட்டிருந்தான்."

"நான் உள்ள வந்து பாக்கறேன்னப்பவும் அதத்தான் சொன்ன."

"ஆமா."

"தூங்கினானா?"

ஆலன் போர்வையை வாயில் கடித்துக்கொண்டு கிடந்தான். அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? என் முகத்தைப் பார்த்தே நெவிலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொப்பியை மாட்டிக்கொண்டு நிலத்துக்கு நடந்தான். ஒவ்வொருவனிடமும் கையைக் குலுக்கி நன்றி சொன்னான். அவன் எத்தனையோ கஷ்டமான வேலை செய்து நான் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கஷ்டமான வேலை அவன் செய்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் மூவர் மட்டும் என்றால் கிறிஸ்துமஸ் வரை இழுத்திருப்போம். அத்தனை நிலமும் தாள்கட்டையாக நின்றது. தைலமரங்களை ஒட்டி ஒரே ஒரு வரிசையை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். ட்ரெவர் நெவிலின் மெஷினைக் கொட்டகையிலிருந்து ஓட்டி வந்து நிறுத்தினான்.

"கடைசி வரிசை உனக்குடா, நெவ். உன் நிலம், உன் மெஷின்."

எல்லோரும் கை தட்டினார்கள். பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கினான். நெவில் கோரலைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். அந்த ஒரு வரிசை போதும் என்று இருவருக்குமே தோன்றிவிட்டது. கோரல் ஓடிப்போய் ஏணியில் கால் வைத்தாள்.

"நீ இரு, கோரல்" என்றான் ட்ரெவர். "இன்னிக்கு ஒரு நாளாவது உக்காரு. நான் கூட ஏறிக்கறேன். மயக்கம் வந்தாப் புடிக்க ஆம்பிள வேணும்."

"நான்தான் தினமும்..."

"தெரியும், தெரியும். நீ ரொம்பப் பட்டுட்ட."

இரண்டு பெண்கள் வந்து அன்பாக அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கையில் தேநீரைத் திணித்தார்கள். "ட்ரெவர், அவள ஏத்துடா" என்று நான் கத்தினேன். எஞ்சின் கிளம்பிவிட்டது. என் சத்தம் கேட்டவர்கள் நான் சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்துக் கையசைத்தார்கள்.

மெஷின் வரிசையின் அந்தக் கடைசிக்குப் போனது, திரும்பியது. கண்ணாடிக்குள் இரண்டு தொப்பிகள் தெரிந்தன. கோரல் தேநீரைக் குடிக்காமல் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது நெவிலின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. போட்டோவுக்கு நின்றான். கோரலையும் பக்கத்தில் நிறுத்தி எடுத்தார்கள். சூரியன் இறங்குவதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். போகும்போது வாசலைக் கூட்டி, தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்கள். கொட்டிய மணிகளைத் தின்ன இளஞ்சிவப்புக் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கின.

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, அவரவர்க்கு அவரவர் அறுவடை. வியாழக்கிழமை பிலிப்பா போன் செய்தபோது நெவில் எழுந்து வரவில்லை. கோரல் பேசினாள்.

"அறுவடை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஊரே வந்து எடுத்துக் குடுத்துட்டாங்க."

"நெவில் என்ன சொன்னார்?"

"நன்றி சொன்னார்."

"நீங்க எப்படி இருக்கீங்க, கோரல்?"

"நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு தூரம் மெனக்கெட்டு ஒருத்தி கேட்கிறாள், இவளுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஒரு சாயங்காலம் கோரல் என்னைக் கூப்பிட்டாள். நாங்கள் இருவருமாக நெவிலைக் கைத்தாங்கலாகக் கொட்டகைக்கு நடத்திப்போய் மெஷினில் ஏற்றினோம். எலும்பும் தோலுமாக இருந்தான். ஏற்றுவது சுலபமாகத்தான் இருந்தது, அதுதான் வேதனை. கோரல் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஓடியது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். கூண்டின் கதவு திறந்திருந்தது. நெவில் கையைப் பிடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தான். முன்னால் கொட்டகையின் தகரச் சுவர்.

ரொம்ப நேரம் கழித்து எஞ்சினை அணைத்தான்.

"என்னை எதுக்கு ஏத்தினன்னு தெரியும், கோரல்."

"ம்."

"வரல."

"பரவால்ல."

"ஓட்டிக்கிட்டிருந்தா வரும். தகரத்தப் பாத்துக்கிட்டு வரல."

"ஓட்டுவோம், நெவ். அறுத்த நிலத்துலயே சும்மா ஒரு சுத்து."

"சும்மா மெஷின ஓட்டிக்கிட்டுத் திரியறதா? ட்ரெவர் பாத்தா மூளைக்கும் ஏறிருச்சுன்னு நினைப்பான்." பிறகு, "இறக்கி விடு" என்றான்.

டிசம்பர் நடுவில் போய்ச் சேர்ந்தான். வீட்டில்தான். கத்தவில்லை. கடைசி நாட்களில் மார்ஃபின் அளவைக் கூட்டிவிட்டார்கள், அவனுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. கோரல் அவன் வாயருகில் காதை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மகள்கள் இருவரும் வந்திருந்தார்கள். "அம்மா, கொஞ்சம் படு" என்று கெஞ்சினார்கள். அவள் கேட்கவில்லை.

சவ அடக்கத்துக்குப் பிறகு ஊர் மண்டபத்தில் தேநீர். கடைசி வரிசை அறுத்த அன்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ட்ரெவர்தான் நெவிலைப் பற்றிப் பேசினான். பாதியில் குரல் உடைந்து அழுதுவிட்டான். அவன் அழுது யாரும் பார்த்ததில்லை, அதனால் கூட்டமே அழுதது. பிறகு கோரலும் நானும் நின்ற இடத்துக்கு வந்தான். கண் இன்னும் சிவந்திருந்தது.

"அவன் வெள்ளாமைய எடுத்துட்டோம். அந்த ஒரு நிம்மதி இருக்கு" என்றான். "இனிமேலும் எது வேணும்னாலும் சொல்லு, கோரல். தயங்காத."

"வேணும்" என்றாள் கோரல்.

ட்ரெவர் திகைத்துவிட்டான். அவன் ஆயுசில் அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அன்னிக்குக் கடைசி வரிசையில நீ அவன் பக்கத்துல உக்காந்திருந்தியே. அவன் ஏதாவது சொன்னானா?"

"அன்னிக்கா?" ட்ரெவர் நெற்றியைத் தேய்த்தான். "ஆமா, ஏதோ பேசினான். என்னப் பாத்து இல்ல, முன்னாடி பாத்துக்கிட்டே. மருந்து மயக்கத்துல பேசுறான்னு நினைச்சேன்."

"என்ன பேசினான்?"

"தலமுடியப் பத்தி என்னமோ. நெறைய முடி இருந்துச்சுன்னான். அப்புறம் மூக்கோ, வாயோ, யார மாதிரியோ இருந்துச்சுன்னான்."

கோரல் அவன் கோட்டுக் கையைப் பிடித்தாள். "யார மாதிரி?"

"அது சரியா கேக்கல, கோரல். அவன் அழுதுருவான் போல இருந்துச்சு. இத்தனை வருசத்துல அப்படிப் பாத்ததில்ல. அவனுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதேன்னு ரேடியோவப் போட்டுட்டேன். மேட்ச் ஓடிக்கிட்டிருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் பேசல. நிம்மதியா கேட்டுக்கிட்டு வந்தான்."

"யார மாதிரின்னு சொன்னான், ட்ரெவர்? நல்லா யோசிச்சுப் பாரு."

ட்ரெவர் என்னைப் பார்த்தான். ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, என்ன என்றுதான் தெரியவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு மெய்யாகவே யோசித்தான். உதவி செய்யக் கிளம்பிவிட்டால் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. கோரல் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணு விக்கெட் போயிருந்துச்சு" என்றான். "அது நல்லா ஞாபகம் இருக்கு."